ஊக்கு குத்திய செருப்பு

உங்கள் பிள்ளை நெஞ்சின் மேல் கவிழ்த்துப் போட்டுத் தூங்குகிறதே, அந்தப் படக்கதைப் புத்தகத்தை வரைந்தவர் யார்? பெயர் சொல்ல முடியுமா? முடியாதென்றால் குற்றம் உங்களுடையது மட்டுமல்ல. பெயரை மறைத்தவர்கள் இருக்கிறார்கள்.

பெங்களூர் ஜோகுபாளையத்து அன்னம்மாளின் பெயரை ஒன்பது ஆண்டுகள் மறைத்தார்கள். 1991 முதல் 2000 வரை பெங்களூரில் வெளிவந்த ஓர் இளவரசன் தொடரின் ஒவ்வொரு படமும் அவர் வரைந்தது. அச்சகத்தில் பிலிம் நெகட்டிவில் விழுந்த ஊசித்துளைகளை மையால் அடைக்கும் வேலைக்குப் போய், கழிவுத் தாள்களில் வரைந்து பழகிய கை அது. அட்டையிலோ 'கதை, படம்: வெங்கடராமன்' என்று இருக்கும். ஆசிரியர் வெங்கடராமன் ஒரு கோடு கிழித்தவர் அல்லர். ஒருமுறை அன்னம்மாள் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டே விட்டார்.

"உன் பேரைப் போட்டா இளவரசன் கதையை யாரும்மா வாங்குவா?" என்று சிரித்தார் வெங்கடராமன்.

அந்தப் பெயரில் என்ன குறை என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. இந்த நாட்டில் பெயரைச் சொன்னால் தெருவும் சாதியும் சேர்ந்தே வந்துவிடும்.

அன்னம்மாள் சண்டை போடவில்லை. தூரிகையை எடுத்தார். 'தீவட்டிக்காரன் வெறுங்காலோடு கைகட்டி நிற்கிறான்' என்று கதைத்தாளில் இருந்தால், கைகட்டித்தான் நிற்பான். காலில் மட்டும் ரப்பர் செருப்பு இருக்கும். ராஜா காலத்துத் தீவட்டிக்காரனுக்கு ஹவாய் செருப்பு! தர்மபுரிப் பக்கம் மேலத்தெருவைக் கடக்கும்போதெல்லாம் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தவர் அன்னம்மாளின் அப்பா. பெங்களூர் மில்லில் வேலை கிடைத்த பிறகு, வார் அறுந்தால்கூட ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு நடந்தாரே தவிர, தெருவில் செருப்பைக் கழற்றவே இல்லை. அந்த ஊக்கையும் மகள் வரைந்தார். வெங்கடராமன் கண்ணில் பட்ட செருப்புகளை வெள்ளை மை பூசி அழிப்பார். கூட்டத்துக்குள் நின்ற கால்கள் தப்பிவிடும்.

2009-இல் வைட்ஃபீல்டில் படக்கதை ரசிகர்களின் பெரிய மாநாடு நடந்தது. பத்திரிகையில் செய்தியைப் பார்த்த கணவர் யூஜின் விடவில்லை.

"நான் எதுக்குங்க அங்க? சின்னப் பசங்க கூட்டம்" என்றார் அன்னம்மாள்.

"வெங்கடராமன் மேடையில பேசுறானாம். படம் வரைஞ்சது நீன்னு அங்க சொல்லணும். வரலைன்னா வுடு, உன் பேர்ல நானே கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன்."

"உங்க கையெழுத்தா? கோழி கெளறுன மாதிரி இருக்கும். மானம் பூடும். இருங்க, புடவை மாத்திக்கிறேன்."

மண்டபத்துக்குள் நுழைந்தால் எல்லாரும் படக்கதைப் பாத்திரங்களாக வேடம் போட்டிருந்தார்கள். ஸ்பாஞ்சு வாள், அட்டைக் கவசம், ஊதா நிறத்தில் டோப்பா. கழுத்தில் ஆபீஸ் அட்டையைக் கழற்றாமலே மீசை ஒட்டிக்கொண்ட ஒருவன். அவர் வரைந்த இளவரசன் மட்டும் நான்கு பேர். 'அங்கவஸ்திரம் இடது தோளில் வரணும், மூணு பேரு தப்பு' என்று கலைஞரின் கண் கணக்கெடுத்தது. அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் மட்டும் தீவட்டிக்காரன் வேடத்தில் நின்றாள். காலில் நீல வார் ஹவாய் செருப்பு. வாரின் அடியில் ஊக்கு.

"யாரும்மா உனக்கு இத சொன்னது?" அன்னம்மாள் ஊக்கைக் காட்டிக் கேட்டார்.

"புக்ல இருக்கே ஆண்ட்டி! லென்ஸ் வெச்சுப் பாத்தா தெரியும். எல்லாரும் ஆர்ட்டிஸ்டோட மிஸ்டேக்னு சிரிப்பாங்க. எனக்கு என்னமோ அப்படித் தோணல" என்றாள் அவள். பெயர் அம்ருதா.

வெங்கடராமன் மேடை ஏறினார். கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்கியவள் அம்ருதாதான்.

"சார், தீவட்டிக்காரன் செருப்புல ஏன் ஊக்கு வரைஞ்சீங்க?"

"ஊக்கா? எந்த ஊக்கு?"

தான் 'வரைந்த' படத்தில் இருப்பது அவருக்கே தெரியவில்லை.

"ஏ அன்னம், ஏந்திரி" என்றார் யூஜின். சொல்வதற்குள் அன்னம்மாள் எழுந்து பாதி தூரம் போயிருந்தார்.

மேடையோரச் சுவரில் ரசிகர்கள் கிறுக்குவதற்காக வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தார்கள். அன்னம்மாள் மார்க்கரை எடுத்தார். ஊரெல்லாம் முகத்திலிருந்து தொடங்கும். அவர் எப்போதும் பாதத்திலிருந்து தொடங்குவார். முதலில் செருப்பு, பிறகு வார், ஊக்கு, கணுக்கால், முட்டி. இடுப்பு வருவதற்குள்ளேயே கூட்டத்துக்குக் கோடு புரிந்துவிட்டது. "குரு, அதே கை மகா!" என்று ஒருவன் பெங்களூர் பாணியில் நண்பனைக் கூப்பிட்டுக் கத்தினான். கடைசியில் கைகள். இந்த முறை தீவட்டிக்காரன் கைகட்டவில்லை. தீவட்டியை உயர்த்திப் பிடித்து நிமிர்ந்து நின்றான்.

எல்லாக் கண்களும் வெங்கடராமன் பக்கம் திரும்பின. அவர் கண்ணாடியைத் துடைத்தார். மீண்டும் துடைத்தார்.

"ஆமா. வரைஞ்சது அந்தம்மாதான்" என்றார் ஒலிபெருக்கியில்.

"பேரைச் சொல்லுங்க சார்!" என்றார் யூஜின் கீழிருந்து.

"அன்னம்மாள்."

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. பழைய புத்தகங்களோடு ரசிகர்கள் வரிசையில் நின்றார்கள். அன்னம்மாள் முதல் புத்தகத்தை வாங்கினார். அட்டையில் அச்சிட்டிருந்த வெங்கடராமன் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிதாக, 'அன்னம்மாள், ஜோகுபாளையம்' என்று எழுதினார். தெருப் பெயரை வேண்டுமென்றேதான் சேர்த்தார்.

இன்றே உங்கள் வீட்டுப் படப் புத்தகம் ஒன்றைத் திறந்து வரைந்தவர் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் பதிப்பகத்துக்கு ஓர் அஞ்சலட்டை போடுங்கள். 'இதை வரைந்தது யார்?' என்று ஒரு வரி போதும். பதில் வரும்வரை விடாதீர்கள்.