ஆனைமுடியில் கேட்ட என் பெயர்

போன திங்கட்கிழமையும் என் மனைவி சரஸ்வதி ஒருவேளைதான் சாப்பிட்டாள். ஒன்பது திங்கட்கிழமை இப்படி இருப்பதாக வேண்டுதல். இதுவரை நாலு முடிந்திருக்கிறது. விரதம் யாருக்காக? எனக்காகத்தான். என் ஆயுசைத் தன் வாயாலேயே குறைத்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படி என்ன செய்துவிட்டாள்? என் பெயரைச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். பாலக்காட்டுக்குக் கிழக்கே, எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கம், பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. கூப்பிடுவதற்கு ‘ஏனுங்க’ இருக்கிறது. மற்றவர்களிடம் சொல்வதற்கு ‘அவுங்க’ இருக்கிறது. இந்த இரண்டை வைத்துக்கொண்டு ஐம்பது அறுபது வருஷம் குடும்பம் நடத்திவிடுகிறார்கள்.

எங்கள் பெரிய பெண் பிறந்தபோது நடந்ததைக் கேளுங்கள். நான் மருந்து வாங்க வெளியே போயிருந்தேன். ஆஸ்பத்திரி குமாஸ்தா வந்து, “பர்த்தாவின்றெ பேரு?” என்று மலையாளத்தில் கேட்டிருக்கிறார். இவள் வாயைத் திறக்காமல் சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டியிருக்கிறாள். காலண்டரில் வேலும் கையுமாக முருகன். அதைப் பார்த்து ‘வேலுச்சாமி’ என்று அவர் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டுமாம்! அந்த மனிதர் ‘முருகன்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். என் மகளுக்கு நான்தான் தகப்பன் என்று நிரூபிக்க எட்டு மாதம் அலைந்தேன்.

அப்படிப்பட்டவள், கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு, என் பெயரைச் சொன்னாள் என்றால்… அதற்கு ஆனைமுடிதான் காரணம். ஆனைமுடியைவிட என் முட்டாள்தனம் காரணம்.

அருள்தாஸ் என்று ஒரு வாசகர். வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் ஒரு தப்பு விட்டால் அடுத்த வாரமே கார்டு போட்டுவிடுவார். மூணாறு பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் டிஸ்பென்சரி கம்பவுண்டர். அப்பா காலத்தில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலைக்கு வந்த கிறிஸ்தவக் குடும்பம். எங்கள் நெல் களத்திலிருந்து பார்த்தால் தெற்கே நீலமாக ஒரு மலைத்தொடர் தெரியும். அதில் எது உசரமான மலை என்று சரஸ்வதி கேட்டாள், எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வாரம் எழுதியிருந்தேன். உடனே கார்டு வந்தது. உசரமான மலை உங்கள் களத்திலிருந்து தெரியாது சார், அது அந்த மலைகளுக்குப் பின்னால் எங்கள் ஊரில் இருக்கிறது, கிறிஸ்துமஸுக்கு வாருங்கள், காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கிவிடலாம் என்று எழுதியிருந்தார். இடுக்கி தனி மாவட்டமாகி இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்குள் மாவட்டப் பெருமை வந்துவிட்டது பாருங்கள்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் உத்தியோகம். கிறிஸ்துமஸ் லீவு கையில் இருந்தது. தனியாகக் கிளம்பத்தான் இருந்தேன். நானும் வருகிறேன் என்றாள் சரஸ்வதி. நம்ப முடியவில்லை! சிற்றூர்க் கடைவீதியில்கூட எனக்குப் பத்தடி பின்னால் நடந்து வருகிறவள் அவள். எட்டாயிரத்துச் சொச்சம் அடி மலைக்கு வருகிறாளாம்.

பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று பஸ் மாறி, மறையூர் வழியாக வளைந்து வளைந்து போய்ச் சேர்ந்தோம். அருள்தாஸ் வீட்டு வாசலில் காகித நட்சத்திரம். உள்ளே கேக், ஆட்டுக்கறிக் குழம்பு, கணப்புச் சட்டி. அந்தக் குளிருக்கு அந்த வீட்டைவிட நல்ல இடம் உலகத்தில் இருக்க முடியாது. மலை ஏறாமலே ஊர் திரும்பியிருந்தாலும் எனக்குத் திருப்திதான்.

மறுநாள் விடிந்தும் விடியாமல் கிளம்பினோம். எஸ்டேட் ஆபீஸில் அனுமதிச் சீட்டு முன்பே வாங்கி வைத்திருந்தார் அருள்தாஸ். தேயிலைச் செடிகள் முடிகிற இடத்தில் எங்களை நிறுத்தி ஒரு சட்டம் சொன்னார். அங்கே கொழுந்து எடுக்கிறவர்கள் எல்லோரும் கடைப்பிடிக்கிற சட்டமாம்.

“மூட்டம் எறங்கிட்டுன்னா ஒரு எட்டு எடுத்து வைக்கப்படாது சார். நின்ன எடத்துலயே உக்காந்துரணும். பேரச் சொல்லிக் கூப்ட்டாத்தான் கொரல் குடுக்கணும். சும்மா ‘ஏய்’ங்கிற சத்தத்துக்குப் பின்னால போனா, அது எந்த மலையில உள்ளவன் யாரைக் கூப்புடுதான்னே தெரியாது.”

மூட்டம் என்றால் அங்கே மூடுபனி. நான் வகுப்பில் பையன்கள் தலையாட்டுவது போலத் தலையாட்டினேன். அதாவது, காதில் வாங்காமல்.

ஏற ஆரம்பித்தோம். புல் சரிவு, அப்புறம் பாறை, அப்புறம் மறுபடியும் புல் சரிவு. நான் கோயமுத்தூரில் வாங்கிய புது கான்வாஸ் ஷூ போட்டிருந்தேன். கையில் தடி வேறு. சரஸ்வதி வெறுங்காலோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தூக்குப்போசியில் புளிச்சோற்றோடு வந்தாள். ஒரு மணி நேரத்தில் யார் முன்னால், யார் பின்னால்? சொல்லவே வேண்டாம். நாற்று நட்டு, களை பறித்து உரமேறிய உடம்பு அவளுடையது. என் உடம்பு கரும்பலகைக்கும் நாற்காலிக்கும் இடையே வளர்ந்தது. பத்தடி பின்னால் நடப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வழியில் வரையாடுகள் நின்றன. எங்களைப் பார்த்து ஓடவில்லை. நான் மூச்சு வாங்குவதை நின்று நிதானமாக வேடிக்கை பார்த்தன.

முக்கால் மலை ஏறியிருப்போம். அவர்கள் இரண்டு பேரும் ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். நான் கொஞ்சம் ஒதுங்கப் போனேன். எதற்கு என்று விவரிக்க வேண்டியதில்லை. மரியாதைக்காகச் சற்று தூரமாகவே போனேன். இரண்டு நிமிஷம்தான். திரும்பினால்… மலையைக் காணோம்! முன்னால் வெள்ளை, பின்னால் வெள்ளை. என் முழங்காலுக்குக் கீழே எனக்கே தெரியவில்லை.

உட்கார்ந்தேனா? அதுதான் இல்லை. பக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் கணக்கு வாத்தியார் ஆவதற்கு முன்பே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவன். எங்கள் ஊரில் வழி தெரியாவிட்டால் யாரையும் கேட்க வேண்டாம், வாய்க்காலைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும். அது வயலுக்குப் போகும், வயல் ஊருக்குப் போகும். சின்ன வயசிலிருந்து ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. ஆகவே அந்த ஓடையைப் பிடித்துக்கொண்டு தைரியமாக நடந்தேன்.

நூறு அடி போயிருப்பேன். காலடியில் சலசலத்த தண்ணீர் சட்டென்று அடங்கிவிட்டது. சத்தம் எங்கோ கீழே, வெகு ஆழத்தில் கேட்டது. தடியை முன்னால் ஊன்றினேன். ஊன்ற இடமில்லை.

எங்கள் வாய்க்கால் ஊருக்குப் போகும். மலையில் வாய்க்கால் நேரே கீழே போகும். இந்தச் சின்ன வித்தியாசம் எனக்குத் தோன்றவே இல்லை. மெதுவாகப் பின்னால் நகர்ந்து ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அருள்தாஸின் சட்டம் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் வந்தது. வகுப்பில் கவனிக்காத பையனுக்குப் பரீட்சை முடிந்த பிறகு விடை ஞாபகம் வருமே, அப்படி.

மேலே நடந்ததைப் பிற்பாடு அருள்தாஸ் சொன்னார். என்னைக் காணோம் என்றதும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் எனக்கு எட்டவில்லை. இன்னொரு பக்கம் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் அங்கே போயிருப்பேனோ என்று அவருக்குப் பயம். தேடிப் போவதற்கு முன்னால் சரஸ்வதியிடம் சொல்லியிருக்கிறார்.

“அக்கா, இந்தப் பாறைய விட்டு அசையாதீங்க. சார் பேரச் சொல்லிக் கூப்ட்டுக்கிட்டே இருங்க. நிறுத்திராதீங்க. நா அந்தப் பக்கம் பாத்துட்டு வாரேன்.”

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அவருக்கு என்ன தெரியும்?

அந்த வெள்ளை இருட்டில் சரஸ்வதி தனியாக நின்றாள். ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டிருக்கிறாள். பத்துத் தடவையோ இருபது தடவையோ, அவளுக்கே தெரியாது. எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை. ‘ஏனுங்க’ என்பது கத்துவதற்கு ஏற்பட்ட வார்த்தை இல்லை. சமையலறையிலிருந்து முன்னறைக்கு வந்து சேர்ந்தால் போதும் அதற்கு. மலையில் அது என்ன செய்யும்?

சொன்னால் என் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் குறைவதற்கு ஆயுசே மிஞ்சாது. எவ்வளவு நேரம் அப்படித் தவித்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. கடைசியில் தாலியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள்.

“வேலுச்சாமீங்க…”

ஆமாம். ‘ங்க’ போட்டுத்தான்! உயிர் போகிற நேரத்திலும் மரியாதை போகக் கூடாது அல்லவா? பதில் இல்லை. மறுபடியும், இன்னும் நீட்டி, “வேலுச்சாமீங்கோ…” என்றாள். அப்போதும் பதில் இல்லை. மூன்றாவது தடவை ‘ங்க’வும் இல்லை, ‘ங்கோ’வும் இல்லை. “வேலுச்சாமீ…” என்று வெறும் பெயர். அதுவும் பாதியில் உடைந்துவிட்டது.

“இங்க இருக்கிறேன்” என்று குரல் கொடுத்தேன்.

அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அருள்தாஸ் இறங்கி வந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தையும் அதற்கு அப்பால் இருந்ததையும் பார்த்தார். “ஏசப்பா” என்றார். என் மணிக்கட்டைப் பிடித்து மேலே கூட்டிவந்தார்.

சரஸ்வதி என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையைப் பிடித்துத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், ஒன்றுமே நடக்காதது போல, மூட்டம் விலகி வெயில் அடித்தது. திரும்பிவிடலாமா என்று அருள்தாஸ் கேட்டார். நான் சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

“மேல போலாமுங்க. இத்தன நடந்ததும் பார்க்காமப் போறதுக்கா?” என்றாள் அவள்.

போனோம். துண்டை அவள் விடவேயில்லை. கேரளத்தின் உச்சிக்கு நான் கன்றுக்குட்டி மாதிரித்தான் போய்ச் சேர்ந்தேன்.

உச்சியில் என்ன இருக்கிறது? புல்லும் கல்லும் காற்றும்தான். ஆனால் நாலு பக்கமும் மலை மலையாக விரிந்து கிடக்கிறது. நமக்கு மேலே எதுவும் இல்லை. நம்ம ஊர் எந்தத் திக்கில் என்று கேட்டாள். வடமேற்கே கையைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். அப்புறம்தான் அழ ஆரம்பித்தாள்.

“ஒருக்காச் சொல்லியிருந்தா ஆபத்துக்குச் சொன்னதுன்னு சாமி உட்டுருமுங்க. மூணுக்காச் சொல்லிப்போட்டனுங்களே…”

அருள்தாஸ் நாகரிகமானவர். தூரத்தில் எதையோ தேடுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார். நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பெயர் என்பது கூப்பிடுவதற்குத்தான் என்றேன். நீ கூப்பிட்டதால்தான் நான் இருக்கிறேன் என்றேன். எதுவும் எடுபடவில்லை. ஊருக்கு வந்த முதல் திங்கட்கிழமையே விரதம் ஆரம்பித்துவிட்டது.

இந்த வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. என் பெண்களிடம், நாளைக்குக் கட்டிக்கொள்கிறவனைத் தாராளமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். சரஸ்வதி, சரஸ்வதி என்று இந்தப் பத்தியில் அவள் பெயரை எத்தனை வாரம் எழுதியிருப்பேன்? அச்சுக் கோக்கிறவர் முதல் பழைய பத்திரிகையில் பஜ்ஜி மடிக்கிறவர் வரை எல்லோர் கையிலும் அது கிடக்கிறது. என் பெயரை அவள் பத்தொன்பது வருஷம் யார் கையிலும் கொடுக்காமல் வைத்திருந்தாள். யாருக்கு யார் மேல் பிரியம் அதிகம் என்று கேட்டால், நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான்.

அவளிடம் சொல்லாத ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. உங்களிடம் சொல்கிறேன். முதல் தடவை கூப்பிட்டபோதே எனக்குக் கேட்டுவிட்டது.

அதற்குள் காற்று திசை மாறியிருந்தது, நன்றாகவே கேட்டது. எனக்குப் பழக்கமான குரல், எனக்குப் பழக்கமான பெயர். ஆனால் இரண்டும் சேர்ந்து நான் கேட்டதே இல்லை. அது என்னைத்தான் என்று புரியவே ஒரு நொடி பிடித்தது. புரிந்த பிறகாவது பதில் சொன்னேனா? சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போல் இருந்தது. கேட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை… பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு ஒரு மனிதன் செய்கிற காரியமா இது? மேலே ஒருத்தி என்ன பாடுபடுகிறாள் என்று நினைக்கவில்லை. சுயநலம்தான். குரல் உடைந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது.

ஆகவே சாமிக்கும் சரஸ்வதிக்கும் நான் சொல்லிக்கொள்வது இதுதான். அவள் சொன்னது ஒரு தடவைதான், அதுவும் ஆபத்துக்கு. மற்ற இரண்டும் என் குற்றம். அதற்காகக் குறைப்பதானாலும் என் ஆயுசில்தானே குறைக்க வேண்டும்? அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் இங்கே எழுதுகிறேன். பத்திரிகை வந்ததும் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் அவள் பிரிப்பாள். கோபம் வரும். வரட்டும்… பெயரைச் சொல்லித் திட்டினால், இந்தத் தடவையும் உடனே பதில் சொல்ல மாட்டேன்.