எனக்கு வந்த வால் துண்டு

மதுரையில் நல்ல மீன் வறுவல் போடும் ஓட்டலைத் தேடி நான் வெகுநாள் அலைந்தேன். கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கை கணவர். கோரிப்பாளையத்தில் ஒரு பாய் நடத்தும் ஓட்டல் அது. யுத்தம் வந்த பிறகு பட்டாளத்துக்காரர்கள் கேட்கிறார்கள் என்று மீனோடு உருளைக்கிழங்கையும் வறுத்து வைக்கிறார்கள்.

"நல்லது எதுவும் அவுக கண்ணுலதான் படும்" என்றாள் என் மனைவி. அன்றிலிருந்தே எனக்கு மனம் புழுங்கியது.

ஒரு நாள் சகலை என்னையும் அங்கே அழைத்துப் போனார். "வாங்க மாப்ள! ஒங்களுக்குன்னு நடுத்துண்டு எடுத்து வச்சிருக்கேன்" என்று பாய் அவரை வரவேற்றார். என் இலையில் கெண்டை மீனின் வால் துண்டு விழுந்தது. அதில் முள் அதிகம். கேட்டால் மாற்றித் தருவார். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. சகலையின் இலையையே பார்த்துக்கொண்டு மென்றதில் முள் தொண்டையில் குத்தி நின்றுவிட்டது. நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்று இருமலையும் அடக்கினேன். கண்ணில் நீர் கொட்டியது.

"அண்ணே, என்னாச்சு? பாய், வெறுஞ்சோறு கொண்டாங்க!" என்று சகலை கத்தினார். சோற்றை உருட்டி என் வாயில் திணித்து, "மெல்லாம முழுங்குங்கண்ணே" என்றார். அடுத்த உருண்டையில் முள் இறங்கியது.

"அண்ணனைக் காப்பாத்துனதே நான்தான்" என்று அவர் என் மனைவியிடம் சொல்லாத நாளில்லை. அவளும் அவருக்கு இன்னும் ஒரு கரண்டி கூடுதலாகப் பரிமாறுகிறாள்.

இப்போதெல்லாம் அந்த ஓட்டலுக்கு நான் தனியாகத்தான் போகிறேன். உட்காரும் முன்பே, "நடுத்துண்டு வைங்க பாய்" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டுவிடுகிறேன். பாய் சிரித்த முகத்தோடு வைக்கிறார்.

வைத்துவிட்டு, "ஒங்க சகலை வரலையா?" என்று கேட்கிறார்.