பேய்க்காரர் வீட்டுக் கதவு

பேய்க்காரர் குளியலறைக் கதவைக்கூடத் தாழிடமாட்டார். உள்ளே நுழைந்ததும் தொண்டையைத் திறந்து பாட ஆரம்பித்துவிடுவார். ஆள் இருக்கிறது என்று மற்றவர்கள்தான் புரிந்துகொண்டு ஒதுங்க வேண்டும். பாட்டென்றால் அப்படியொரு பாட்டு! "சார், உங்க கதையில வர்ற பேயே பரவாயில்ல" என்று பக்கத்து வீட்டுக்காரர் நேரிலேயே சொல்லிவிட்டார்.

மாதம் ஒரு திகில் நாவல் எழுதுவது அவர் பிழைப்பு; பேய்க்காரர் என்ற பெயரும் அதனால் வந்ததுதான். பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறி நிற்கிற மனிதருக்குப் பேய்களின் குலம் கோத்திரமெல்லாம் அத்துப்படி. "எந்தக் கதையில வேணா பாருங்க, கடைசியில பேயை ஒண்ணு குடத்துல அடைப்பான், இல்லேன்னா மரத்துல ஆணி வெச்சு அடிப்பான். தொறந்து விட்டவன்னு ஒருத்தன்கூட இல்ல" என்பார். அவருடைய எல்லா நாவலிலும் ஒரே பேய்தான்: பூட்டிய கதவை உள்ளேயிருந்து தட்டும் பெண். கடைசி அத்தியாயத்தில் மந்திரவாதி வந்து அவளைக் குடத்துக்குள் அடைப்பான்.

அந்தப் பேய் அவருடைய அக்கா.

அக்கா சட்டை தைக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். துணி களவு போய்விடுமாம், அதனால் வேலை நேரத்தில் கதவுக்கு வெளிப்பூட்டு. தீப்பிடித்த மத்தியானம் சாவிக்காரன் சாப்பிடப் போயிருந்தான். உள்ளே இருந்தவர்களில் ஒருத்தியும் மிஞ்சவில்லை. கொஞ்ச நாளில், அந்தக் கட்டடத்தில் பேய் கதவைத் தட்டுகிறது என்று ஊர் பேச ஆரம்பித்தது. பேயைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவர்கள், பூட்டச் சொன்ன முதலாளியைச் சுத்தமாக மறந்துபோனார்கள். பாவிகள்! தம்பிக்கோ அந்தப் பேச்சில் ஒரு ஆறுதல். அக்கா இன்னும் எங்கோ இருக்கிறாள் அல்லவா? அதையே எழுத ஆரம்பித்தார். அது சோறும் போட்டது.

ஆனால் அடைக்கிற அத்தியாயத்தை அவர் ஒருநாளும் எழுதியதில்லை. அந்த இடம் வந்ததும் கை ஓடாது. மனைவி பேனாவை வாங்கிக்கொள்வார். "நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நான் அடைச்சிடறேன்." திரும்பி வருவதற்குள் காரியம் முடிந்திருக்கும்.

போன மாதம் அவர் டீக்கடையிலிருந்து வந்தபோது, மனைவி பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கென்ன. முகம்கூடப் பாக்காத நாத்தனார். இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து அவங்களை அடைச்சுக்கிட்டே இருக்கேன். இனிமே என்னால முடியாதுங்க."

பேய்க்காரர் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே எழுத உட்கார்ந்தார். இந்த முறை மந்திரவாதி வரவில்லை. சாவிக்காரன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவந்து பூட்டைத் திறந்தான். பெண்கள் ஒவ்வொருத்தியாக இருமிக்கொண்டே வெளியே வந்து, அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

மறுவாரம் நாவலை வெளியிடும் பத்திரிகையின் ஆசிரியர் போன் செய்தார். "பேயை அடைக்கலேன்னா வாசகன் எப்படி சார் தூங்குவான்? கடைசியை மாத்திக் குடுங்க. இல்லேன்னா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்."

"பாத்துக்குங்க தம்பி" என்று போனை வைத்தார். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

காற்றடித்து வாசல் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மனைவி எழுந்து போய்த் திறந்தார். அலமாரியிலிருந்த பழைய நாவல்களை ஒரு கட்டாக அள்ளிவந்து, மறுபடி சாத்தாதபடி கதவுக்கு முட்டுக் கொடுத்தார்.