சூடான ரோலில் ஊற்றிய தண்ணீர்

சவுதியில் தம்மாமுக்கு வந்து எட்டு மாதமாகிறது. மில்லில் ஒரு நாள்கூடக் கரண்ட் போகவில்லை. நீங்கள் சிரிப்பீர்கள், எனக்கு அது பயமாகவே இருந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்பை இரண்டு ரோல்களுக்கு நடுவே விட்டுக் கம்பியாக்கும் மில் இது. அந்த ரோல்களைப் பராமரிப்பது என் வேலை. பக்கத்தில் தினமும் ஒரு வாளித் தண்ணீர் நிரப்பி வைப்பேன். ஃபோர்மன் சாலிம் ஒருநாள் "லேஷ்?" என்றார், ஏன் என்று. பதில் சொல்ல அரபி வராமல் வாளியையும் ரோலையும் காட்டினேன். தாகம் என்று நினைத்தார் போலிருக்கிறது, மறுநாள் ஒரு பெட்டி குடிநீர் பாட்டில் வாங்கித் தந்தார். நல்ல மனிதர்.

கோவை மில்லில் பதினோரு வருடம் இருந்தேன். அங்கே கரண்ட் போனால் பம்பும் நிற்கும். ரோலின் கழுத்தைத் தாங்கும் பைபர் பேரிங், தண்ணீர் நின்றால் கருகிவிடும். "தண்ணிய ஊத்து கண்ணு, பேரிங்கு போயிரப் போகுது!" என்று மேஸ்திரி கத்துவதற்குள் வாளி கையில் இருக்கும். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போன செவ்வாய்க்கிழமை மோட்டார் ஒன்று நின்றது. சிவந்த இரும்பு ரோல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. இங்கே பேரிங் கிரீஸில் ஓடுகிறது, தண்ணீரே வேண்டாம். ரோலோ வார்ப்பிரும்பு, தானாக ஆறவிட வேண்டும். இரண்டும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஊற்றித் தொலைத்தேன். தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம். புது ரோலின் குறுக்கே விரிசல்.

சாலிம் கத்தவில்லை. காலி வாளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேண்டுமென்றே உடைத்தேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். எட்டு மாதமாக வாளியோடு காத்திருந்தவனை வேறெப்படி நினைப்பார்? அரபி தெரிந்த மலையாளி டிரைவரை வைத்துக் கெஞ்சிப் பார்த்தேன். கரண்ட் போகாத ஊரில் கரண்ட் போகுமென்று தண்ணீர் வைத்தானாமா என்று மேலாளர் சிரித்தாராம். வேலையை விட்டு நீக்கி, ஊருக்குப் போகச் சொல்லி விசாவில் எக்சிட் அடித்துவிட்டார்கள். வரும் புதன்கிழமை விமானம்.

பழைய மில்லில் திரும்பச் சேர்வதுதான் ஒரே வழி. முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லலாமென்று இன்று தாராபுரத்தில் வீட்டுக்குப் போன் போட்டேன். நான் வாய் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஏனுங்க, மில்லுல உங்க எடத்துக்கு என்ற தம்பியச் சேத்திட்டாங்க. 'உன்ற மச்சான் இனி எங்க திரும்பி வரப்போறாரு'ன்னு மொதலாளியே கூப்புட்டுக் குடுத்தாருங்க. அந்த வேலைய நம்பித்தான் பொண்ணு குடுக்கறாங்க, கண்ணாலமும் பேசி முடிச்சுப்போட்டோம். சந்தோசந்தானுங்களே?"

"சந்தோசந்தான் அம்மணி."

"கண்ணாலத்துக்கு வாரதுக்கு லீவு குடுப்பாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன்" என்றேன்.