மாத்திரை தராதவர்

மயிலாப்பூரில் மூட்டை தூக்கிய நாட்களில் என் வலது தோள் விறைத்துப்போனது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இயன்முறை மருத்துவராகப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தார். ஒல்லியானவர், தடித்த கண்ணாடி. மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே அவருக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். வாசலில் நிழல் விழுந்தாலே எழுந்து நிற்பார். வந்தவர்கள், ஊசி எங்கே போடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

நான் மட்டும் தினமும் போனேன். என் கையைப் பிடித்து மெல்ல உயர்த்துவார். அப்படி யாரும் என்னைத் தொட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"யாரும் வரலைன்னா இந்த வேலையையே எடுத்துடுவாங்கண்ணா" என்றார் ஒருநாள்.

ஒரு காலையில் என் கை காதை உரசிக்கொண்டு நேராக மேலே போனது. அவர் சிரித்தார்.

"சரியாயிடுச்சு. நாளையிலேர்ந்து வர வேணாம்."

"நானும் வரலைன்னா உன் வேல இன்னா ஆவும்மா?"

"வலி இல்லாதவர வரச் சொல்ல முடியுமாண்ணா?"

வெளியே வந்து, மாத்திரை வரிசையில் நின்றவர்களுக்குக் கையை உயரத் தூக்கிக் காட்டினேன். "அந்தம்மாதான் சரி பண்ணாங்க. நோவு கீறவங்க உள்ள போங்க."

"கையத் தூக்கிக்கினு வரிசைல பூந்துடலாம்னு பாக்கறியா நைனா? பின்னால போ" என்றார் ஒரு பெரியவர், தன் தோளைத் தடவிக்கொண்டே.