வெயிலில் காயப்போட்ட பதினான்கு கிழங்குகள்

என் கை பட்டால் எதுவும் முளைக்கும் என்று பல வருடங்களாகப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தவன் நான். சுவிஸ் மலையூரான லா ஷோ-து-ஃபோனில் சில வருடங்களில் மே மாதத்திலும் பனி கொட்டும். அந்த ஊரில், நகரசபையிடம் வாடகைக்கு எடுத்த துண்டுத் தோட்டத்தில், பிளாஸ்டிக் கூடாரம் போட்டுக் கத்தரிக்காய் காய்க்கவைத்தவனுக்கு வாய் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். அந்த வாய் திறந்திருக்கவேண்டிய நேரத்தில் திறக்கவில்லை.

பக்கத்துத் துண்டு ஒரு சுவிஸ் பெண்மணியுடையது. நான் இப்போதும் வேலை செய்யும் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் லென்ஸ் வைத்துக் கடிகாரப் பற்சக்கரங்களைச் சரிபார்த்த பழக்கமோ என்னவோ, பூக்களையும் அதே லென்ஸால்தான் பார்ப்பார். அவருடைய தோட்டத்தில் கிழங்கிலிருந்து முளைக்கும் பூக்கள்தான் கூடுதல். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சின்னத் தகடு இருக்கும். முதல் வரியில் பூவின் பெயர், இரண்டாம் வரியில் அது எங்கிருந்து வந்தது என்ற விபரம்.

ஒரு தகட்டில் மட்டும் முதல் வரியில் கேள்விக்குறி இருந்தது. இரண்டாம் வரியில் ‘அம்மாவின் தோட்டம்’ என்று எழுதியிருந்தார். புல்லைப் போன்ற மெல்லிய இலை, தலைகுனிந்த மணிப்பூ, இதழில் சாரத்துணியில் இருப்பதுபோலச் சதுரக் கட்டங்கள். அந்த இனத்தை இங்கே பலருக்குத் தெரியும். ஆனால் வழக்கமாக அது கடும் ஊதாவில் பூக்கும், இல்லாவிட்டால் வெள்ளையில். இவருடையது சாம்பல் கலந்த ரோஜா நிறம். எந்தப் புத்தகத்திலும் அவருக்கு அது அகப்படவில்லை. தாவரவியல் பூங்கா ஒன்றுக்கு எழுதிக் கேட்டதில், இலையுதிர்காலத்தில் ஒரு கிழங்கை அனுப்பிவைக்கச் சொல்லியிருந்தார்கள். பெயர் தெரியப்போகிறது என்று என்னிடம் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

அந்தக் கோடையில் தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்காக எங்கள் துண்டுகளுக்குக் குறுக்கே கிடங்கு வெட்டி மண்ணைத் தோண்டப்போவதாகக் கடிதம் வந்தது. அதே மாதத்தில் அவருக்கு இடுப்பு ஒபரேசன். அதன்பிறகு இரண்டு மாதம் மகள் வீட்டில் தங்கவேண்டும். இலை வாடியதும் அந்தக் கிழங்குகளைக் கிண்டி எடுத்து வைத்திருக்க முடியுமா என்று என்னைக் கேட்டார். ஒரு மண்சட்டியும் ஒரு பை ஈரமணலும் தந்து, இதற்குள் புதைத்து நிழலில் வையுங்கள், காயவிடாதீர்கள் என்றார். நான் பிரெஞ்சில் ‘வி, வி’ என்று ஆமோதித்துத் தலையாட்டினேன்.

பதினான்கு கிழங்குகள் இருந்தன. கழுவினேன். பல்கனியில் பேப்பர் விரித்து வெயிலில் பரப்பினேன். வெங்காயத் தோட்டம் செய்த குடும்பத்தில் பிறந்தவன் நான். கிண்டின வெங்காயத்தை நன்றாகக் காயவிடாமல் வைத்தால் அழுகிவிடும் என்பது எனக்குப் பள்ளிக்கூடம் போகமுன்னரே தெரியும்.

மனைவி எட்டிப்பார்த்தாள்.

“அந்த மனிசி சட்டியும் மணலும் தந்திட்டெல்லே போனவ? நீங்கள் என்ன, கறிக்கே காயப்போடுறியள்?”

“உமக்கு ஒண்டும் தெரியாது. ஈரத்தில வச்சால் அழுகிப்போம். நான் பாக்காத வெங்காயமோ?”

காய்ந்ததும் வலைப்பையில் போட்டுப் பல்கனிக் கம்பியில் தூக்கிவிட்டேன். அவர் தந்த சட்டியில் மிளகாய்க் கன்று வைத்தேன்.

செப்டம்பரில் பையை இறக்கியபோது கை வெறும் தோலைத்தான் பிடித்தது. உள்ளே ஒன்றுமில்லை. இரண்டு மட்டும் கொஞ்சம் கெட்டியாக இருந்ததாக என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் பழைய இடத்தில் நட்டேன். பயத்தில் பூக்கடைக்குப் போய் அதே இனத்தில் இரண்டு பெட்டி வாங்கி, அவற்றையும் இடையிடையே புதைத்தேன்.

“போய் உள்ளதைச் சொல்லுங்கோ. அவ உங்களைப் பிடிச்சுத் தின்னவே போறா?” என்றாள் மனைவி.

“சொல்லுறன், சொல்லுறன்.”

அவர் திரும்பி வந்து, பூங்காவுக்கு அனுப்ப ஒரு கிழங்கு கேட்டார். இப்போதுதான் நட்டேன், திரும்பவும் கிண்டினால் பழுதாகிவிடும், அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன். பொய் அவ்வளவு லேசாக வந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மே மாதம் பூத்தன. அவர் ஊன்றுகோலோடும் லென்ஸோடும் குறிப்புப் புத்தகத்தோடும் வந்தார். இடுப்பு வளையாததால் பூக்களை நிமிர்த்திக் காட்டச் சொன்னார். நான் முழங்காலிட்டு ஒவ்வொரு பூவாக விரலால் நிமிர்த்தினேன். ஊதா. ஊதா. வெள்ளை. ஊதா. கடைசிப் பூவரைக்கும் பொறுமையாகப் பார்த்தார்.

“மண் மாறினால் நிறமும் மாறுமாம்” என்றேன் நான், தலையை நிமிர்த்தாமல்.

“இருக்கலாம்” என்றார். ஒன்றும் எழுதாமல் புத்தகத்தை மூடினார். பிறகு எனக்கு நன்றி சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை தண்ணீர் விடப் போனேன். பழைய தகடு இல்லை, புதியது ஒன்று நட்டிருந்தது. இத்தனை வருடம் கேள்விக்குறி நின்ற வரியில், கடைப் பெட்டியில் அச்சடித்திருந்த அதே பெயர். இரண்டாம் வரியில், ‘பக்கத்துத் தோட்டக்காரர் தந்தது’.

அவர் வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளிக் கன்றுக்குக் கம்பு ஊன்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு வழக்கம்போலக் கையசைத்தார். நானும் கையசைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், “இண்டைக்காவது சொன்னனீங்களோ?”

“இல்லை. அவவுக்குத் தெரியும்” என்றேன்.

“அது வேற. நீங்கள் சொன்னனீங்களோ?”