மாதவன் குடியாத தேத்தண்ணி

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் தயாளினி வீட்டு மணியை அடிக்கிற எவரும் தேத்தண்ணி குடிக்காமல் தப்பிப் போனதில்லை. பாசல் கொண்டு வாறவர், காஸ் மீற்றர் பார்க்க வாறவர், குப்பை லொறிக்காரர், ஒருத்தருக்கும் விலக்கில்லை. மீற்றர் பார்க்க வந்த போலந்துக்காரருக்கு இஞ்சித் தேத்தண்ணி இரண்டு கோப்பை ஊற்றி, அவர் ஊரில் விட்டு வந்த மனுசியின் பேர் வரைக்கும் கறந்துவிட்டவள். "வேலை செய்யிற சனத்தை வாய் நனைக்காமல் அனுப்பக்கூடாது" என்பாள். மனசில் களங்கமில்லாத மனுசிதான். ஆனால் பிடிவாதம் பொல்லாதது.

அப்படிப்பட்டவளின் மானத்தை வாங்க வந்து சேர்ந்தான் மாதவன். மதுரைப் பக்கம், வயது முப்பத்தைந்து, பாசல் வான் ஓட்டுகிறவன். தமிழன் என்று தெரிந்ததும் இவளுக்குத் தலைகால் புரியவில்லை. அவனோ "வேணாங்க்கா, டைம் இல்ல" என்று வானுக்கு ஓடிவிட்டான். அடுத்த முறையும் அதே பாட்டு. சரி, தண்ணியாவது? அதுவும் வேண்டாமாம்.

நாலாம் முறை தயாளினிக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. ஒருத்தர் வீட்டில் இன்னொருத்தர் தண்ணி வாங்கிக் குடிக்காவிட்டால் ஊரில் அதற்கு என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியாதா? "இஞ்சேருங்கோ, லண்டனில வான் ஓட்டிக்கொண்டு எங்கட வீட்டில சாதி பாக்கிறான்!" என்று புருசன் ஸ்ரீதரனிடம் பொரிந்து தள்ளினாள். டைல் பதிக்கிற ஸ்ரீதரனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "உம்மட தேத்தண்ணியைக் குடிச்சவை ஆரும் அதின்ர ருசியை அவனுக்குச் சொல்லியிருப்பினம்" என்றார். அன்று சோற்றை அவர் தானே போட்டுத்தான் சாப்பிட்டார்.

தயாளினி விடுவாளா? தேவையே இல்லாத ஒரு வாளியை ஓடர் பண்ணினாள். வியாழக்கிழமை மாதவன் அதைக் கொண்டுவர, பாசலை வாங்காமல் கோப்பையை நீட்டினாள். "குடிச்சால்தான் பாசல் எடுப்பன். ஏலாதெண்டால் காரணத்தை நேரே சொல்லும்."

மாதவன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தான். "அக்கா, குடிச்சா எங்கக்கா போறது? காலைல ஏழு மணிக்கு வண்டி ஏறுனா சாயங்காலம் வரைக்கும் ஒதுங்க ஒரு இடம் கிடையாது. கடையில கேட்டா கஸ்டமருக்கு மட்டும்ங்கிறான். நான் பகல்ல தண்ணியே குடிக்கிறதில்ல."

தயாளினிக்கு வெட்கத்தில் முகம் சுருங்கிவிட்டது. சாதியாம், மண்ணாங்கட்டியாம்! அடுத்த கணம் அதைவிடப் பெரிய பயம் பிடித்தது. ஐயோ, இவ்வளவு நாளும் மறுக்கத் தெரியாமல் குடித்துவிட்டுப் போனதுகள் எத்தனை! அந்தப் போலந்துக்காரர், இரண்டு கோப்பை! போன மாதம் மூலை வீட்டு வேலியோரம் யாரோ மூத்திரம் பெய்கிறார்களென்று தெருச் சனம் கத்தினது இதுதானா? கோப்பையை அப்படியே கீழே வைத்தாள். "உள்ளுக்கு வாரும். வலப்பக்கக் கதவு."

வலப்பக்கக் கதவுக்குள் இருப்பது ஸ்ரீதரன் தன் கையால் இத்தாலி டைல் பதித்த ரொயிலெற். விருந்தாளிகளுக்கு மட்டும். பின்னேரம் விசயம் தெரிந்ததும் மனுசன் துள்ளினார். "போறவன் வாறவனெல்லாம் வந்து போக இதென்ன ஸ்டேசனோ?"

"ஓம், வாறவை வரட்டும். லண்டனுக்கு வர முந்திப் பாரிசில வீடு வீடா நோட்டீஸ் போட்டுத் திரியேக்க நீங்கள் எங்க போனனீங்கள்?"

"ஒரு கபேக்காரனிட்டக் கெஞ்சினனான். கதவைச் சாத்திப்போட்டான்" என்றார் ஸ்ரீதரன். "பத்தொன்பது வயசு. நனைஞ்ச காற்சட்டையோட அந்தக் குளிருக்குள்ள அறை வரைக்கும் நடந்தனான்." இருபது வருசக் கலியாணத்தில் இதை அவர் சொன்னதேயில்லை. தயாளினி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மாதவன் உள்ளே போயிருக்க, வெளியில் வானுக்குக் காவல் நின்றது யாரென்று நினைக்கிறீர்கள்? ஸ்ரீதரனேதான். பார்க்கிங் வார்டன் வந்து, தண்டம் எழுத டிக்கெற் மெசினைக் கையில் எடுத்துவிட்டார். ஸ்ரீதரன் கையிரண்டையும் விரித்து வானை மறைத்தார். "இரண்டு நிமிசம்! பெடியன் ரொயிலெற்றுக்குப் போயிருக்கிறான்!" என்று தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கத்தினார்.

வார்டன் கானா நாட்டுக்காரர், நரைத்த தாடி. மெசினைக் கீழே இறக்கினார். திறந்திருந்த வீட்டுக் கதவைப் பார்த்தார், ஸ்ரீதரனைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் வந்த பிறகு நானும் ஒருக்காப் போகலாமா, சேர்?" என்று கேட்டார்.